எல்லாருக்கும் சம்சாரம் ஒன்றே

நமச்சிவாயம் பிள்ளைக்குத் துருக்கி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்தபோது வயது முப்பத்தெட்டு. அதுவரை அவருக்கு அறிமுகமான துருக்கியெல்லாம் துலுக்கப் பயறும் துலுக்கச் சாமந்தியும்தான். ஒன்று அவர் மனைவி உமையம்மாள் வேகவைப்பது. மற்றொன்று அவள் வேலியோரம் நட்டிருப்பது.

பிள்ளைக்கு நெய்யாற்றின்கரைத் தாலூக்காக் கச்சேரியில் நகல் எழுதும் உத்தியோகம். வீடு பாறசாலைக்குத் தெற்கே, களியக்காவிளை போகிற பாதையில். அவருடைய அப்பாவும் அதே கச்சேரியில் நகல்தான் எழுதினார். அவர் ஓலையில் எழுதினார், இவர் காகிதத்தில் எழுதினார். மற்றபடி அந்தக் குடும்பத்தில் பெரிய புரட்சி எதுவும் நடந்ததில்லை. கச்சேரியில் மலையாளம், வீட்டில் தமிழ். இரண்டுக்கும் நடுவே, பாலராமபுரத்துக்கு நூலும் அங்கிருந்து துணியும் ஏற்றுகிற எலியாவின் மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு போய் வரும்போது, இரண்டும் கலந்த ஒன்று. அந்தக் கலந்த ஒன்றில்தான் பிள்ளையின் நாக்கு நன்றாகப் புரளும்.

பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. குளிக்கும்போதும் பேசுவார், தலையில் தண்ணீர் விழும் நேரம் மட்டும் வாய் மூடும். உமையம்மாள் அடுக்களையிலிருந்து ‘உம்’ கொட்டிக்கொண்டிருப்பாள். எப்போதாவது ஒரு வாக்கியம் சொல்வாள். அதற்குப் பிறகு பிள்ளை புதிதாக ஒரு விஷயம் தேடிப் பிடித்துத்தான் ஆக வேண்டும்; பழையது அங்கேயே முடிந்து போயிருக்கும். அந்த ‘உம்’மும் அந்த ஒரு வாக்கியமும் இல்லாமல் பிள்ளை ஒரு நாளும் உறங்கியதில்லை. அது தமக்கு எவ்வளவு தேவை என்பது அவருக்குத் தெரியாது. மூச்சு விடுகிறவனுக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும்?

துருக்கியை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் சுவாமிதாஸ். பாறசாலையில் ஒரு சின்ன அச்சுக்கூடம் வைத்திருந்தார். கல்யாணக் கடிதம், சபை நோட்டீஸ், பள்ளிக்கூடப் பாடத்தாள் அடிப்பார். தமிழ் எழுத்து ஒரு பெட்டி, மலையாள எழுத்து ஒரு பெட்டி, இரண்டிலும் பாதி தேய்ந்தவை. மிஷன் பங்களாவில் படித்துக் கழித்த ஆங்கில மாசிகைகள் கட்டுக்கட்டாக அவரிடம் வரும். அவர் அவற்றைப் படிப்பதில்லை. அச்சு சரியாக விழுவதற்கு எந்திரத்தில் காகிதத்தை மெத்தைபோல வைத்து இறுக்க வேண்டும், அதற்கு அவை நல்ல கனம். மெத்தையாவதற்கு முன் பிள்ளை வந்து படித்துவிடுவார்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தொன்பதில், வெள்ளைக்காரர் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றில், அப்படி ஒரு மாசிகையில் அந்தக் கட்டுரையைப் பார்த்தார். ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில், கிரிமியா என்ற இடத்தில், ஒரு சிற்றூரில், ஒரு பள்ளி ஆசிரியர் முப்பது வருஷமாகப் பத்திரிகை நடத்தி வந்தாராம். பத்திரிகையின் பெயருக்குத் துபாஷி, அதாவது இரண்டு மொழிக்கு நடுவே நிற்கிறவன், என்று பொருள். பாதி ருஷ்ய மொழி, பாதி துருக்கி மொழி. அந்தத் துருக்கி யாருடைய வீட்டுப் பேச்சும் இல்லை. ஓர் ஊருக்கு மட்டும் புரிகிற சொல்லையெல்லாம் களைந்து, பண்டிதருக்கு மட்டும் புரிகிற அரபுச் சொல்லையும் பாரசீகச் சொல்லையும் குறைத்து, கான்ஸ்டாண்டினோபிள் படகுக்காரனுக்கும் காஷ்கர் ஒட்டகக்காரனுக்கும் சேர்ந்து புரிகிற மாதிரி ஒரு நடையை அவர் செதுக்கியிருந்தார். முன்பெல்லாம் கஸானில் ஒருவனை நீ யார் என்று கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்வான், அல்லது மதத்தைச் சொல்வான். பத்திரிகை வந்து வந்து, அதைப் பார்த்துப் பாக்கூவிலும் தாஷ்கண்டிலும் வேறு பத்திரிகைகள் முளைத்து, ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில் எழுதி, கடைசியில் ஆயிரம் காதம் தள்ளி இருந்தவர்களெல்லாம் ‘நாமெல்லாம் துருக்கர், நமக்கு ஒரு மொழி’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தாளைத்தான் பார்த்தார்கள்.

கட்டுரை ‘ஆனால்’ என்ற சொல்லோடு பக்கத்தின் அடியில் முடிந்தது. அடுத்த தாளை யாரோ கிழித்திருந்தார்கள். பிள்ளை அதைப் பொருட்படுத்தவில்லை. வெள்ளைக்காரன் எதற்கும் கடைசியில் ஓர் ஆனால் போடுவான் என்று சுவாமிதாஸிடம் சொன்னார்.

அன்று வண்டியில் வரும்போது பிள்ளை கண்ணில் படுகிறவர்களையெல்லாம் புதிதாகப் பார்த்தார். பாலராமபுரத்துத் தறிக்காரர் பேசுவது என்ன மொழி? பெருங்கடவிளைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்குக்கு விலை பேசுகிறவள் பேசுவது? ஆரியங்கோட்டில்? கேட்டால் “நம்ம பேச்சாக்கும்” என்பார்கள். பேர் இல்லாத ஒரு மொழி, பத்திரிகை இல்லாத ஒரே குறையினால் இப்படிச் சந்தையில் கிடக்கிறது என்று அவருக்குப் பட்டது. போதாக்குறைக்குத் திருநெல்வேலிச் சீமையில் இருந்த ஒரு பாதிரியார் தம்முடைய இலக்கண நூலில், தமிழ்க் கூட்டத்து மொழிகளுக்கும் துருக்கிக் கூட்டத்து மொழிகளுக்கும் தூரத்து உறவு இருக்கலாம் என்று ஊகித்திருந்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும், வீட்டுக்காரரைப்போல. அந்த ஊகத்தைப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் கைவிட்டார்கள். பிள்ளை கைவிடவில்லை.

தாமும் ஒரு துபாஷி நடத்துவது என்று முடிவு செய்தார். சுவாமிதாஸ் தயங்கினார்.

“வேய் பிள்ளை, பத்திரிகை நடத்தினதுக்கு நெய்யாற்றின்கரைக்காரர் ஒருத்தரை நாடு கடத்தி மூணு வருஷம்தான் ஆச்சு. நீரு சர்க்கார் சோறு திங்குத ஆளு.”

“அவரு திவானைப் பத்தி எழுதினாரு. நான் வார்த்தையைப் பத்தி எழுதப்போறேன். வார்த்தைக்கு எந்தத் திவான் கோவப்படுவாரு?” என்றார் பிள்ளை. எதற்கும் இருக்கட்டும் என்று அதைப் பத்திரிகை என்று சொல்லாமல் நோட்டீஸ் என்று சொல்வதாக இருவரும் உடன்பட்டார்கள்.

அடுத்த ஒரு வருஷம் பிள்ளை சொல் பொறுக்கினார். ஒரு சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதுவார். அதை மூன்று பேரிடம் வாசித்துக் காட்டுவார். முதலில் உமையம்மாள், பூதப்பாண்டியில் பிறந்தவள், சுத்தத் தமிழ்க் காது. இரண்டாவது பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரி. பெண்பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுப்பவள். மூன்றாவது வண்டிக்கார எலியா. வேதப் பள்ளியில் தமிழ் படித்து, பாதையில் மலையாளம் படித்தவன். ‘புரியுதா?’ என்று கேட்பார். மூன்று பேரும் புரிகிறது என்றால் சொல் தேறியது. ஒருவர் விழித்தாலும் சீட்டு அடுப்புக்குப் போகும்.

சம்சாரம் என்ற சொல்லை அப்படித்தான் சோதித்தார். மலையாளத்தில் அதற்குப் பேச்சு என்று பொருள். கச்சேரியில் நாள் முழுவதும் அந்தப் பொருளில் எழுதி எழுதி, தமிழ் வீட்டில் அதற்குப் பெண்டாட்டி என்று பொருள் இருப்பது அந்த நேரத்தில் பிள்ளைக்கு நினைவில்லை. தமது பெண்டாட்டியிடமே கேட்டும் நினைவு வரவில்லை.

“சம்சாரம். புரியுதா?”

“கல்யாணம் ஆயி பதினெட்டு வருஷம் ஆச்சு. இன்னுமா புரியாது?” என்றாள் உமையம்மாள், பயற்றைப் புடைத்துக்கொண்டே. ஒரு வாயாடியோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் செய்தவளுக்குப் பேச்சு என்றால் புரியாதா என்று அவர் எடுத்துக்கொண்டார். ஸ்ரீகுமாரி, “அது நம்மள் தெவசமும் செய்யுந்நதல்லே” என்று, தினமும் செய்வதுதானே என்கிற பொருளில், சிரித்தாள். எலியா மாட்டைத் தட்டிவிட்டுச் சொன்னான்: “அது இல்லாத மனுசன் உண்டுமா ஏமானே? எனக்கு வீட்டிலே ஒண்ணு உண்டு. காலையிலே தொடங்கினா ராத்திரிவரை ஓயாது.”

மூன்று பேரும் புரிகிறது என்றார்கள். சொல் தேறியது.

சம்பந்தம் என்ற சொல்லும் தேறியது. பிள்ளைக்கு அது தொடர்பு. ‘சம்பந்தா சம்பந்தம் இல்லாமப் பேசுறது’ யார் என்று உமையம்மாள் சுட்டிக்காட்டினாள். எலியா தலையாட்டினான். ஸ்ரீகுமாரி சட்டென்று முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள். அவள் வீட்டு வழக்கில் அந்தச் சொல் நாயர் தறவாட்டுக் கல்யாண உறவையே குறிக்கும். வெட்கப்படுவதென்றால் புரிந்துதானே வெட்கப்பட வேண்டும் என்று பிள்ளை சீட்டைப் பெட்டியில் போட்டார்.

ஆயிரத்துத் தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில் ‘துபாஷி’யின் முதல் தாள் அச்சேறியது. கிரிமியாப் பத்திரிகையைப்போலவே இதிலும் இரண்டு பாதி. மேல்பாதி தமிழ் எழுத்து, கீழ்ப்பாதி மலையாள எழுத்து. மொழி மட்டும் ஒன்று. பிள்ளை எழுதிக் கொடுத்த கையெழுத்துப்படியில் துருக்கியரைப் பற்றிய வரிகள் தமிழ் எழுத்தில் வர வேண்டும், சம்சாரம் பற்றிய வரிகள் மலையாள எழுத்தில் வர வேண்டும். அப்படியே வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எந்தச் சொல்லும் தன் வீட்டிலேயே இருந்திருக்கும்.

ஆனால் அந்த வாரம் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. அதற்கான மலையாள நோட்டீஸில் ‘ஸ’ எழுத்தெல்லாம் மாட்டிக்கொண்டு நின்றது. பெட்டியில் மிச்சம் ஒரே ஒரு ‘ஸ’. பின்னால் சுவாமிதாஸ் இதை விளக்கியபோது தம்மேல் தப்பே இல்லை என்பதுபோலத்தான் விளக்கினார். “சம்சாரத்துக்கு ரெண்டு ‘ஸ’ வேணும். சம்பந்தத்துக்கு ஒண்ணு மதி. எங்கையிலே ஒண்ணுதான் இருந்தது. மேலே உள்ளதைக் கீழேயும் கீழே உள்ளதை மேலேயும் மாத்திப் போட்டேன். மொழி ஒண்ணுதான்னு நீருதானே சொன்னீரு?”

ஆக, நூறு தாள் அச்சாகி, எலியாவின் வண்டியில் ஏறி, வழிநெடுகிலும் விநியோகமானது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் தாளின் மேல்பாதியைத் தமிழில் இப்படிப் படித்தார்கள்:

‘பாலராமபுரத்துத் தறிக்காரன் முதல் களியக்காவிளை வண்டிக்காரன் வரை, நம் எல்லாருக்கும் சம்சாரம் ஒன்றே. அடுத்த வீட்டுக்காரனின் சம்சாரத்தையும் நம்முடையதைப்போலவே நேசிப்போம்.’

மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் கீழ்ப்பாதியை மலையாளத்தில் இப்படிப் படித்தார்கள்:

‘துருக்கிக்காரனுக்கும் நமக்கும் ஆதிகாலம் முதலே சம்பந்தம் உண்டு.’

அதே வாரம் துருக்கி ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்த சண்டையில் இறங்கி, பிரிட்டிஷாருக்கு எதிரியாகிவிட்ட சேதி திருவனந்தபுரத்திலிருந்து வந்து சேர்ந்தது.

முதலில் வந்தவன் எலியா. தாளை மடித்துத் திண்ணையில் வைத்தான். “ஏமானே, பத்துக் கற்பனையிலே பத்தாவது, பிறன் பெண்சாதியை இச்சிக்காதேங்கது, இதுக்கு நேர் எதிராக்கும்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் பாலராமபுரத்திலிருந்து மூன்று தறிக்காரர்கள் வந்தார்கள். களியக்காவிளை வண்டிப்பேட்டையிலிருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். ஸ்ரீகுமாரியின் தாய்மாமன், துருக்கியோடு யாருடைய தறவாட்டில் சம்பந்தம் நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு காரியஸ்தர்களோடு வந்தார். வாசலில் நின்ற இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்து, ‘நீங்க எதுக்கு வந்திய?’ என்று விசாரித்துக்கொண்டன. இவர்கள் அவர்களுக்கு மேல்பாதியை விளக்கினார்கள். அவர்கள் இவர்களுக்குக் கீழ்ப்பாதியை விளக்கினார்கள். அரைமணி நேரத்தில் தறிக்காரரும் தாய்மாமனும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். ஜன்னல் இடுக்கில் அதைப் பார்த்த நமச்சிவாயம் பிள்ளைக்கு, பயத்துக்கு நடுவிலும், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஒரே தாள் இத்தனை பேரை ஒன்றாக்கிவிட்டதே.

வெளியே வந்து, சம்சாரம் என்றால் பேச்சு, சம்பந்தம் என்றால் தொடர்பு என்று விளக்கினார். கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே போய்விட்டது. அந்தச் சிரிப்பு போனது குளத்தங்கரைக்கு.

குளத்தங்கரையில் உமையம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தாள். எவளோ ஒருத்தி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், “எக்கா, இன்னைக்கு முறை தறிக்காரருக்கா, வண்டிக்காரருக்கா?” என்று கேட்டாள். உமையம்மாள் துணியைப் பிழிந்தாள், உதறினாள், வீட்டுக்கு வந்து கொடியில் காயப்போட்டாள். பேசவில்லை.

அன்றிலிருந்து பேசவில்லை.

சோறு வந்தது, குழம்பு வந்தது, வேட்டி வெளுத்து மடித்து வந்தது. ‘உம்’ வரவில்லை. பிள்ளை முதல் நாள் துருக்கியைப் பற்றிப் பேசினார், இரண்டாம் நாள் மழையைப் பற்றிப் பேசினார், மூன்றாம் நாள் தம் இடுப்பு வலியைப் பற்றிப் பேசினார். சுவரில் எறிந்த பந்துபோல எல்லாம் திரும்பி வந்தது. நான்காம் நாளிலிருந்து அவருக்கு உறக்கம் போயிற்று.

ஆறாம் நாள் தாசில்தார் அழைத்தார். அவர் கச்சேரியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசுகிறவர். ஆகவே தாளை முழுவதும் படித்து, இரண்டு பாதியிலும் துணுக்குற்ற ஒரே வாசகர் அவர்தான். “இதிலே நான் எந்தப் பாஷையிலே கோபப்படணும் பிள்ளே?” என்று கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். துருக்கி இப்போது எதிரி. கிரிமியா ருஷ்யாவில் இருக்கிறது, ருஷ்யா நம் பக்கம். இந்தத் தாள் ராஜத்துரோகமா ராஜபக்தியா என்று தீர்மானிக்கத் தமக்குத் திறமை போதாது. மேலே அனுப்பினால் அங்கே இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஒரு வாரத்துக்குள் இன்னொரு தாள் அச்சடித்து, முதல் தாளில் எழுதியது தவறு என்று, எல்லாருக்கும் ஒரேபோலப் புரிகிற மாதிரி எழுதிவிட்டால், அத்தோடு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்தால், உமையம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஸ்ரீகுமாரியிடம், பிள்ளைக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தாள்.

“நான் வெள்ளிக்கிழமை பூதப்பாண்டிக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன். ஊரெல்லாம் என்னைப் பொதுவாக்கினது அச்சிலே. அதுக்குப் பதிலும் அச்சிலேயே வரட்டும். கேக்குத எல்லாருக்கும் ஒரே அர்த்தம் படணும். அப்படி ஒண்ணு வந்தா திரும்பி வாறேன். வரல்லைன்னா அங்கேயே இருந்துக்கிடுதேன்.”

தாசில்தார் கேட்டதும் அதுதான், உமையம்மாள் கேட்டதும் அதுதான். வேலை போனால் ஒன்றேகால் ஏக்கர் வயல் இருந்தது. உமையம்மாள் போனால் பிள்ளைக்கு என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். நூறு தாளில் திரும்பி வந்த அறுபத்திரண்டு இருந்தது.

அன்றே அச்சுக்கூடத்துக்கு ஓடினார். சுவாமிதாஸ் எந்திரத்தைப் பிரித்துப் பழைய மெத்தைத் தாள்களை உருவிக்கொண்டிருந்தார். அதில் ஒன்று கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கிரிமியாக் கட்டுரையின் கடைசிப் பக்கம். ஒரு வருஷமாக எந்திரத்தில் கிடந்து, பிள்ளையின் முதல் தாளில் ஒவ்வொரு வரிக்கும் அடியில் அது நசுங்கியிருக்கிறது. ‘ஆனால்’ என்பதற்கு அடுத்து என்ன இருந்தது என்று அப்போதுதான் படித்தார். ஒரே மொழி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டாலும், ஒரே சொல் ஒவ்வோர் ஊரில் ஒவ்வொரு பொருளைச் சுமக்கிறது. பாக்கூக்காரன் ‘இறங்கு’ என்று மரியாதையாகச் சொல்வது கான்ஸ்டாண்டினோபிள்காரன் காதில் ‘விழு’ என்று கேட்கிறது. இதனால் பத்திரிகைக்காரர்களுக்குள் ஓயாத சண்டை என்று எழுதியிருந்தது.

“இதை ஏன் ஓய் கிழிச்சீரு?”

“நல்ல கனமான தாளாக்கும்” என்றார் சுவாமிதாஸ்.

பிள்ளைக்குத் தம் தவறு புரிந்தது. ஒரு வருஷம் ‘புரியுதா?’ என்று கேட்டாரே தவிர, ‘என்ன புரிஞ்சுது?’ என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. இனிமேல் அப்படிக் கேட்பது என்று உட்கார்ந்து, மன்னிப்புக்கான சொற்களைச் சீட்டில் எழுதினார். அங்கேதான் அடி விழுந்தது. ‘தெற்று’ என்றார். ஸ்ரீகுமாரிக்குத் தவறு என்று புரிந்தது, எலியா, “யாருக்குத் தெத்துப்பல்லு ஏமானே?” என்றான். ‘பிழை’ என்றார். எலியாவுக்குச் சரியாக இருந்தது. ஸ்ரீகுமாரி அபராதம் என்று எடுத்துக்கொண்டு, யார் கட்ட வேண்டும் என்று கேட்டாள். ‘க்ஷமை’ என்றதும் எலியா சாமை என்று கேட்டு, இந்த வருஷம் விளைச்சல் இல்லை என்றான். ‘பாவம்’ என்றதும் எலியாவுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நினைவுக்கு வந்தது, ஸ்ரீகுமாரிக்குப் பிள்ளையின் மேல் இரக்கம் வந்தது. வியாழக்கிழமை மாலைக்குள் ஒன்பது சீட்டு அடுப்புக்குப் போயிற்று. முன்பெல்லாம் எல்லாச் சொல்லும் தேறியது. ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தபின் ஒன்றும் தேறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எலியாவின் வண்டி வாசலுக்கு வந்தது. உமையம்மாள் ஒரு மூட்டையோடு ஏறி உட்கார்ந்தாள். ஸ்ரீகுமாரி வழியனுப்ப வேலியோரம் நின்றாள். பிள்ளை பத்தாவது சீட்டை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவந்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எலியா சாட்டையைத் தூக்கியபடி காத்திருந்தான். உமையம்மாள் அவருடைய வெற்றுச் சீட்டைப் பார்த்தாள்.

“ஒரு மாப்பு கேக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்கு ஒரு பத்திரிகை?” என்றாள்.

பன்னிரண்டு நாளில் அவள் அவரிடம் சொன்ன முதல் வாக்கியம். வழக்கம்போல அதற்குமேல் அந்த விஷயத்தில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் பிள்ளை இந்தத் தடவை வேறு விஷயம் தேடவில்லை.

“எலியா, மாப்புன்னா என்ன?”

“செஞ்சது தப்பு, விட்டிருங்கோன்னு அர்த்தம்.”

“ஸ்ரீகுமாரி, மாப்புன்னா?”

“செய்தது தெற்று, பொறுக்கணும் எந்நு.”

பிள்ளை வண்டிக்குள் பார்த்தார். “உனக்கு?”

“பதினெட்டு வருஷமா நீங்க ஒருதரம்கூடச் சொல்லாததாக்கும்” என்றாள் உமையம்மாள்.

பிள்ளை சக்கரத்தை விட்டுவிட்டு, நடுப்பாதையில் நின்று, “மாப்பு” என்றார். ஸ்ரீகுமாரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். உமையம்மாள் அசையவில்லை.

“அச்சிலே வரட்டும். வண்டியை விடு எலியா.”

துபாஷியின் இரண்டாவது தாளில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. கல்யாணக் கடிதத்துக்கென்று வைத்திருந்த பெரிய மர எழுத்துகளில் சுவாமிதாஸ் அதை அடுக்கினார். மேலே தமிழில் மாப்பு. கீழே மலையாளத்தில் மாப்பு. அந்தச் சொல்லில் ‘ஸ’ இல்லை என்பதில் அவருக்குத் தனி நிம்மதி. அடுக்கி முடித்துவிட்டு, “இது துலுக்க வார்த்தையில்லா வேய்?” என்றார்.

“துருக்கியிலேருந்து வந்ததா?” பிள்ளை துள்ளி எழுந்தார்.

“துலுக்கம்னா துருக்கி இல்லை. ஆற்காட்டு நவாபு காலத்திலே வந்ததா இருக்கும்.”

அது அரபியில் பிறந்து, பாரசீகம் வழியாக, உருதுக்காரர் வாயிலேறி இந்தப் பக்கம் இறங்கிய சொல். துருக்கி மொழியிலும் அதன் தாயாதி ஒன்று உண்டு என்று பிறகு விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். பிள்ளைக்கு அது போதும். கிரிமியாப் பத்திரிகைக்காரர் குறைக்கப் பாடுபட்ட அரபு, பாரசீகக் கூட்டத்துச் சொல் ஒன்றுதான் தம்மைக் காப்பாற்றியது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தாசில்தார் தாளைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மறுபக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்டு திருப்தியடைந்து மேசைக்குள் போட்டுக்கொண்டார். தறிக்காரர்களுக்குப் புரிந்தது. வண்டிப்பேட்டைக்குப் புரிந்தது. ஸ்ரீகுமாரியின் தாய்மாமன் ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டிவைத்து, பங்காளிகள் வரும்போதெல்லாம் அதற்கு எதிரே உட்காரவைத்தார். துபாஷி வெளிவந்தது மொத்தம் இரண்டே தாள். அதில் இரண்டாவது, அதன் ஆசிரியர் கனவு கண்டபடியே, பாலராமபுரம் முதல் களியக்காவிளை வரை எல்லாருக்கும் ஒரே பொருளில் புரிந்தது.

எலியா ஒரு தாளைப் பூதப்பாண்டிக்குக் கொண்டுபோனான். உமையம்மாள் உடனே நம்பிவிடவில்லை. அண்ணன், அண்ணி, எதிர்வீட்டு வைத்தியர், மலையாளத்து வளையல் வியாபாரி என்று நான்கு பேரிடம் காட்டி, ‘என்ன புரியுது?’ என்று கேட்டாளாம். நான்காவது ஆளும் அதையே சொன்னபிறகு, மூட்டையைக் கட்டினாள்.

வண்டி வாசலில் வந்து நின்றபோது பிள்ளை கைநீட்டி, ‘இறங்கு’ என்று சொல்ல வாயெடுத்து, பாக்கூவையும் கான்ஸ்டாண்டினோபிளையும் நினைத்துப் பேசாமல் நின்றார். உமையம்மாள் தானே இறங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவர் கிரிமியாவின் பூகோளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து நாலாவது நிமிஷம் அடுக்களையிலிருந்து ‘உம்’ என்று வந்தது.

பிறகு பத்திரிகை நடத்தவில்லை. நகல் எழுதினார். மாசிகை படிப்பதை விடவில்லை. கிரிமியாப் பத்திரிகை சண்டைக் காலத்துக் குழப்பத்தில் நின்றுபோனதைப் படித்து ஒருநாள் சாப்பிடாமல் இருந்தார். பல வருஷம் கழித்து, துருக்கியில் பழைய எழுத்தையே மாற்றி ஆங்கில எழுத்தைப்போல ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று வந்தபோது சுவாமிதாஸிடம் எடுத்துக்கொண்டு ஓடினார். சுவாமிதாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்துவிட்டு, “அவனுவளுக்கும் ‘ஸ’ தீந்துபோச்சு போல” என்றார்.

ஆயிரத்து நூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதத்தில் நமச்சிவாயம் பிள்ளை இறந்தார். வலி ஒன்றும் இருக்கவில்லை. காலையில் குளித்துக்கொண்டிருந்தவர், தலையில் தண்ணீர் ஊற்றியபின் மறுபடி பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபின், ஸ்ரீகுமாரி வேலி கடந்து வந்து உமையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எலியா வண்டியில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தான். ஏதாவது குறை உண்டா, துணைக்கு இரவில் வந்து படுத்துக்கொள்ளட்டுமா என்று ஸ்ரீகுமாரி கேட்டாள்.

“குறை ஒண்ணுமில்லை. வீட்டிலே சம்சாரம் நின்னுபோச்சு. அதாக்கும்” என்றாள் உமையம்மாள்.

எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று இருவரும் கேட்கவில்லை. எலியா கடைசி அண்டாவை ஏற்றிவிட்டு, மாட்டைக் கட்டாமல், சிறிது நேரம் ஏர்க்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.